ஈரம் காயாத பிரஷ்

மாதவன் எதையும் ஒரே நாளில் மாற்றுகிற ஆள் இல்லை. புதுச் செருப்பு வாங்கினால்கூட முதல் வாரம் தெருமுனை வரைக்கும்தான் போட்டு நடப்பான். அதற்குள் இதை எடுத்தது சரிதானா என்று நாலு தரம் யோசித்திருப்பான். அப்படிப்பட்டவனுக்குக் கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரி கிளம்பியது. அருப்புக்கோட்டையில், பம்புசெட்டு உதிரிபாகக் கடையில் பில் போடுகிற வேலை. காலர் உரச உரச, சாயங்காலத்துக்குள் கழுத்து மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும்.

தோல் டாக்டர் அவன் தாடையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“எதுல ஷேவ் பண்றீங்க?”

“கார்ட்ரிட்ஜ் சார். அஞ்சு பிளேடு உள்ளது.”

“அதான். அஞ்சும் சேர்ந்து முடியத் தோலுக்குக் கீழ வரைக்கும் அறுத்து விட்டுருது. திரும்ப முளைக்கிற முடிக்கு வெளிய வர வழி தெரியல. உள்ளேயே சுருண்டு கெடக்கு. ஒத்தை பிளேடுக்கு மாறுங்க. சோப்பு, பிரஷ்ஷு, அந்தக் காலத்து செட்டு. தினமும் வேண்டாம், ஒண்ணு விட்டு ஒரு நாள். மெதுவா மாறுங்க.”

‘மெதுவா’ என்றது மாதவனுக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும்போதே திட்டம் போட்டுவிட்டான். முதலில் சோப்பும் பிரஷ்ஷும் மட்டும். சிரைப்பது பழைய கார்ட்ரிட்ஜில்தான். கழுத்து அடங்கினால் பிறகு செட்டுக்கு மாறுவது. இரண்டையும் ஒன்றாக மாற்றிக் கழுத்து எரிந்தால், எரிய வைத்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சோப்பையும் பிளேடையும் தவிர எதையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. மற்றதெல்லாம் வீட்டிலேயே இருந்தது. அதுதான் யோசனையாகவும் இருந்தது.

பின்வாசல் சுவரில் ரசம் போன கண்ணாடி ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை. பலகையில் எவர்சில்வர் கிண்ணம், தலைகீழாக நிறுத்திய பிரஷ். ஆணியில் கழுத்தைக் கொடுத்துத் தொங்கும் ஷேவிங் செட், ஒத்தை பிளேடு மாட்டுகிற இரும்பு ரேசர். மூன்றும் அப்பா வீரபத்திரனுடையவை. அவர் கரி லோடுக்குப் போகிறவர். கருவேலங்கரியை மூட்டை பிடித்து லாரியில் ஏற்றி, லாரியோடேயே போய் இறக்கிவிட்டு வருவார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போன ஒரு லோடில், சேலம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. “ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்” என்று இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. டிரைவர் விடியும்வரை காத்திருந்து பார்த்தார். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி, பிணவறை, கோயில் சத்திரம் எல்லாம் தேடியாயிற்று. ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

அம்மா மாரிக்கனி பொட்டையும் விடவில்லை, பூவையும் விடவில்லை. அந்தப் பலகையை அன்றாடம் துடைப்பாள். சாமான்களை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைப்பாள்.

“யம்மா, அப்பா பிரஷ்ஷ நான் எடுத்துக்கிடவா?”

மாரிக்கனி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“ஏன், கடையில விக்கலியா?”

“விக்குது. வீட்டுல சும்மா இருக்கேன்னு பாத்தேன்.”

“சும்மாவா இருக்கு?” கொஞ்ச நேரம் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். “பிரஷ்ஷும் கிண்ணமும் எடுத்துக்க. செட்டுல கைய வைக்காத. அவுக வந்தா கேப்பாக.”

மறுநாள் காலையில் மாதவன் வட்டச் சோப்பைக் கிண்ணத்தில் வைத்து, நனைத்த பிரஷ்ஷால் சுற்றினான். எவர்சில்வரில் பிரஷ்ஷின் அடிக்கட்டை இடித்து ‘கடகட’வென்று சத்தம் எழுந்தது. சின்னப் பிள்ளையில் தினமும் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பான். நுரை பொங்கி வந்தது. வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது. பாதி சீவிய தலையோடு மாரிக்கனி பின்வாசலுக்கு ஓடிவந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீயா” என்றாள்.

திரும்பிப் போனவள் கொஞ்ச நேரத்தில் ஒரு செம்பில் வெந்நீர் கொண்டுவந்து துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுப் போனாள். மாதவனுக்கு அவள் ஷேவிங்குக்கு வெந்நீர் போட்டதே இல்லை.

கழுத்து மெல்ல அடங்கியது. நுரையில் ஊறிய முடி இழுப்புக்கு வசமாக வந்தது. திட்டம் சரிதான் என்று அவன் நம்பத் தொடங்கிய நேரத்தில்தான் அந்த ஈரத்தைப் பார்த்தான்.

அன்று அவன் ஷேவ் செய்கிற நாள் இல்லை. பல் விளக்கப் போனவன் பலகையைப் பார்த்தான். பிரஷ்ஷின் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் குளிர்ந்தது. மயிர்க்காலில் வெள்ளையாக நுரை. நேற்றுச் சரியாக உதறவில்லையோ என்று தன்னையே சந்தேகப்பட்டான். அடுத்த தரம் ஷேவ் செய்ததும் நன்றாக உதறி, துண்டால் ஒற்றி, வெயில் படும்படி வைத்தான். படுக்கப் போகும்முன் தடவிப் பார்த்தான். வைக்கோல்போல் காய்ந்திருந்தது. விடிந்து பார்த்தால் ஈரம்.

அவன் ஷேவ் செய்கிற நாளின் காலையில் அது காய்ந்தே இருந்தது. செய்யாத நாளின் காலைகளில்தான் நனைந்திருந்தது. இதைக் கண்டுபிடித்தபோது அவனுக்குப் பயம் குறையவில்லை. ஏறிப் போயிற்று. அப்பா தினமும் ஷேவ் செய்கிறவர்.

“ஏ சுகந்தி, நீ அந்தப் பிரஷ்ஷ எடுத்தியா?” என்று தங்கையைக் கேட்டான்.

“ஆமா, எனக்குத் தாடி வளந்துருச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கணும்ல.”

“வெளாடாத.”

“பின்ன என்ன கேள்விண்ணே இது? போய் சோலியப் பாரு.”

அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. அவள் ஏதாவது சொல்லிவிட்டால், அதை நம்புகிறோமா இல்லையா என்று அவன் முடிவு செய்ய வேண்டிவரும்.

சுகந்திக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பாலவனத்தம். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா அழகுராஜா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பாவுக்கு நேர் இளையவர்.

“மதினி, பத்திரிகை அடிக்கணும்ங்காக. புதன்கிழம சாயங்காலம் சம்பந்தகாரரு மாதிரித் தாளோட வாராரு. அண்ணன் பேருக்கு முன்னால திருன்னு போடுறதா, தெய்வத்திருன்னு போடுறதான்னு கேக்காக.”

“திருன்னு போடச் சொல்லுங்க தம்பி.”

“அந்த ஆளு எங்கன்னு மணமேடையில எவனாவது கேட்டா?”

“வெளியூருக்கு லோடு போயிருக்காகன்னு சொல்லுங்க.”

அழகுராஜா பெருமூச்சு விட்டார். மாதவன் பக்கம் திரும்பினார். “ஏலே, மூத்த பிள்ளை நீதான். இத இப்பிடியே அந்தரத்துல விடக் கூடாதுலே. கேட்டுட்டேன், இத்தன வருசம் கழிச்சுத் தீட்டெல்லாம் கெடையாதாம், கல்யாணத்துக்குத் தடையில்ல. கண்மாய்க்கரையில வைக்கோல்ல ஒரு பொம்மையக் கட்டி, நீ மொட்டையடிச்சு, மீசைய எடுத்துட்டுக் கொள்ளி வச்சிரு. அண்ணனுக்கும் ஒரு வழி பொறக்கும்.”

அப்பா உயிரோடு இருக்கிறவன் மீசையை எடுப்பதில்லை. எடுத்தவனைப் பார்த்தால், யார் போய்விட்டார் என்று ஊரில் யாரும் கேட்கத் தேவையில்லை. மாதவனின் விரல் தானாக மேலுதட்டுக்குப் போனது.

சித்தப்பா போன பிறகு மாரிக்கனி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நீ மீசைய எடுத்தன்னா அன்னைக்கே என் பொட்டையும் அழிச்சிருவாக. எம்மக கல்யாணத்துல நான் தாலியத் தொட்டுக் கும்பிட முடியாது. ஆரத்தித் தட்டத் தொட முடியாது. ஒரு மூலையில நின்னு எட்டிப் பாத்துட்டு வரணும். அதச் செய்யச் சொல்றியாய்யா?”

“புதன்கிழமைக்குள்ள சொல்றேம்மா” என்றான் மாதவன்.

புதன்கிழமை கடைக்கு லீவு சொன்னான். மாரிக்கனி நூறு நாள் வேலைக்கு, கண்மாயில் மண் எடுக்கக் கிளம்பிப் போனாள். சுகந்தி தையல் கடைக்குப் போய்விட்டாள். வெறும் வீட்டில் மாதவன் ஆணியில் தொங்கிய செட்டைப் பார்த்தபடி நின்றான். கழுத்து அடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டது. திட்டப்படி அடுத்த படி அதுதான். ஆனால் அன்று அவனுக்குத் திட்டம் முக்கியமாக இல்லை. அதைத் தொடும் தைரியம் வந்தால், சாயங்காலம் சொல்ல வேண்டியதைச் சொல்லும் தைரியமும் வருமோ என்று பார்க்க நினைத்தான்.

செட் கையில் கனத்தது. கார்ட்ரிட்ஜ் ரேசர் பிளாஸ்டிக் பேனா மாதிரி இருக்கும். இது இரும்பு. கைப்பிடியின் அடியைத் திருகினான். இறுகியிருந்தது, பிறகு கிறீச்சென்று இளகி, தலை இரண்டு கதவாகத் திறந்தது. உள்ளே அப்பா கடைசியாக மாட்டிய பிளேடு, துருவேறிக் கிடந்தது. அதன் அடியில் காய்ந்து இறுகிய சோப்பில், பொடிப்பொடியாக முடி. கறுப்பும் நரையும்.

மாதவன் பிளேடை அலுங்காமல் எடுத்து, சோப்போடும் முடியோடும் ஒரு காகிதத்தில் மடித்துப் பலகையில் வைத்தான். எறிய மனம் வரவில்லை. செட்டை வெந்நீரில் அலசிப் புதுப் பிளேடைப் போட்டான்.

அடுப்படியில் வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே நுரை அடித்து முகத்தில் பூசிக்கொண்டான். கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் அங்கேயே அடுப்புத் திண்டில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு வந்தான். அமுக்கக் கூடாது, செட்டின் கனமே போதும், சாய்வாகப் பிடிக்க வேண்டும். வீடியோவில் பார்த்ததையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வலது கன்னம் வந்தது. தாடை வந்தது. சருகில் நடப்பதுபோல முடி அறுபடும் சத்தம் காதுக்குள் கேட்டது. கார்ட்ரிட்ஜில் ஒருநாளும் கேட்டதில்லை. செட்டைக் கழுவிக் கல்லில் தட்டினான். தட்டிய விதத்தில் திடுக்கிட்டான். அப்பா தட்டுகிற மாதிரியே இருந்தது.

மீசையின் ஓரத்தைச் சீராக்க, மூச்சை அடக்கிக்கொண்டு செட்டை மேலுதட்டுக்குக் கொண்டுபோனான்.

அடுப்படியில் ‘கடகட’ என்று கேட்டது.

கிண்ணத்தில் பிரஷ் சுற்றுகிற சத்தம். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, அப்பா சுற்றுகிற மாதிரி.

கை ஒரு வெட்டு வெட்டியது. வலி இல்லை. கண்ணாடியில் பார்த்தான், மீசையின் இடது பாதி நுரையோடு செட்டில் வந்திருந்தது.

அப்படியே அடுப்படிக்குப் போனான். மாரிக்கனி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிண்ணம். கண்ணை மூடிக்கொண்டு பிரஷ்ஷைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வேலை அட்டையை மறந்துவிட்டு எடுக்க வந்தவள், திண்டில் நுரையோடு கிண்ணத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அட்டை பக்கத்தில் கிடந்தது.

“யம்மா.”

அவள் கண்ணைத் திறந்தாள். திருடிப் பிடிபட்டவள்போல் கிண்ணத்தைச் சேலையால் மூடப் பார்த்தாள்.

“நீதானா? இத்தன நாளும் நீதானா?”

“நீ ஒண்ணு விட்டு ஒரு நாள்தான் பண்ற” என்றாள் மாரிக்கனி. “அவுக தினமும் பண்ணுவாக. மத்த நாள்ல நீ முழிக்கும் முன்னால அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டு நான் சுத்துவேன். மொத நாள் நீ பண்ணுனப்ப அந்தச் சத்தம் திரும்ப வீட்டுக்குள்ள வந்துச்சுய்யா. நடுவுல ஒரு நாள் நின்னா, எங்கயோ பாதி வழியில வாரவுக திரும்பிப் போயிருவாகளோன்னு...” சொல்லிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்ணம் மடியிலிருந்து உருண்டது.

“ஐயையோ. என்னய்யா பண்ணுன?”

“கை தவறிருச்சும்மா. சத்தம் கேட்டு...”

அவள் கை கழுத்துக்குப் போய்த் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் சம்பந்தி வருகிறார். பாதி மீசையோடு உட்கார முடியாது. மீதியை எடுத்தால் பேச்சு முடிந்துபோகும்; அவன் வாயைத் திறக்கவே வேண்டாம்.

“உக்காரு” என்றாள் மாரிக்கனி. சுகந்தியின் பெட்டியிலிருந்து கண்மை டப்பாவை எடுத்து வந்தாள். அவன் தாடையை இடது கையால் பிடித்துக்கொண்டு, மோதிர விரலால் மையைத் தொட்டு மேலுதட்டில் இழுத்தாள். “அசையாத. மூக்க விரிக்காத.” பிள்ளையில் அவனுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்ததுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். பலகையில் மடித்து வைத்த காகிதத்தைப் பற்றி மாதவன் சொன்னான். மை போட்டு முடித்ததும் அவள் போய் அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மத்தியானம் வந்த சுகந்தி அவனைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள். “அண்ணே, கூத்துக்கு எதுவும் ஆள் எடுக்காகளா?” என்று தொடங்கியவள், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் பாலவனத்தம் ராஜகுரு வந்தார். மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளைச் சட்டை, பையில் மாதிரித் தாள். அழகுராஜாவும் வந்துவிட்டார். பேச்சு தொடங்கிய நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. ஆனி மாசத்துப் புழுக்கம். மாதவனுக்கு நெற்றியில் வேர்த்தது. மூக்குக்குக் கீழே வேர்த்தது. ஒரு கறுப்புக் கோடு மெல்ல வாயோரமாக இறங்குவது அவனுக்கே தெரிந்தது.

“தம்பி, மூஞ்சில என்னமோ வழியுதே” என்றார் ராஜகுரு.

அழகுராஜா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். “ஏலே! மீசைய எடுத்துட்டியா? முடிவு பண்ணிட்டேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

மாதவன் துண்டை எடுத்து மையை அழுத்தித் துடைத்தான். பாதி மீசையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். “எடுக்கல சித்தப்பா. கை தவறி பாதி போயிருச்சு. மீதி இருக்கு, பாருங்க.”

“பாதிய வச்சுக்கிட்டு என்னலே பண்ணுவ? ஊரே சிரிக்கும். ஒரேயடியா வழிச்சுத் தள்ளு. காரியத்தையும் முடிச்சிருவோம்.”

“சிரிக்கட்டும். பத்திரிகைக்காக எடுக்க மாட்டேன். மீதிய எடுக்கணும்னா எங்கம்மா சொல்லணும்.” அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “திருன்னு போடுங்க மாமா.”

ராஜகுரு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இந்த மூஞ்சியோட நாளைக்குக் கடைக்குப் போவீகளா?”

“போவேன்.”

“பில்லு வாங்க வாரவன் சிரிப்பானே?”

“போவேன் மாமா.”

“அப்பச் சரி.” அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “திருன்னே இருக்கட்டும். மீசைதான, முளைச்சுரும். கல்யாணத்துக்கு நாள் கெடக்கு.”

மாரிக்கனி டீ கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒன்று எடுத்த பிறகும் தட்டில் ஒரு டம்ளர் மீதி இருந்தது. சுகந்தி டீ குடிக்க மாட்டாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அது ஆடை படிந்து ஆறும்வரை தட்டிலேயே இருந்தது.

கல்யாணத்துக்குள் மீசை முளைத்துவிட்டது. மாதவன் தினமும் ஷேவ் செய்தான். டாக்டர் சொன்னதை மீறித்தான். அம்மாவின் கையில் அந்தக் கிண்ணம் மறுபடி போகக் கூடாது என்று நினைத்தான். செட் கைக்குப் பழகிவிட்டது. கழுத்து லேசாக எரிந்ததைப் பொறுத்துக்கொண்டான்.

ரெட்டியபட்டி மண்டபத்தில் விடியற்காலை நாலு மணிக்கே மைக் செட்டு அலறத் தொடங்கிற்று. மாரிக்கனி தலை நிறையப் பூ வைத்திருந்தாள். தாலியைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆரத்தி எடுத்தாள். ஆனால் மணமேடையில் நின்றபோதும், பந்தியில் நின்றபோதும் அவள் கண் வாசலிலேயே இருந்தது. யாராவது ஒல்லியாக, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் அவள் கழுத்து நீளும். மாதவனும் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுக்கும்வரை வாசல் திறந்தே கிடந்தது.

மறுவீடு முடித்து சுகந்தியைப் பாலவனத்தத்தில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலை, மாதவன் பின்வாசலுக்குப் போனபோது கல்லில் வெந்நீர்ச் செம்பு தயாராக இருந்தது. கிண்ணத்தில் நுரை பொங்கியிருந்தது. அவனுக்குச் சத்தமே கேட்கவில்லை. மாரிக்கனி ஆணியிலிருந்து செட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் அதில் கை வைக்காதே என்றவள், இப்போது அவளே எடுத்து நீட்டினாள்.

“இப்ப எடுத்துருய்யா.”

“எதம்மா?”

“மீசைய.” நேற்று வைத்த பூ அவள் தலையில் வாடித் தொங்கியது. “மக கல்யாணத்து மைக் செட்டு சத்தத்துக்கே வரல. இந்தப் பிரஷ்ஷு சத்தத்துக்கா வரப் போறாக?”

மாதவன் செட்டை வாங்கவில்லை. “யோசிச்சுச் சொல்லும்மா. அவசரமில்ல. மெதுவாப் பண்ணலாம்.”

“மெதுவாத்தான பண்ணுனோம்” என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மடித்த காகிதம், வேர்வையில் நைந்து போயிருந்தது. பிரித்துக் காட்டினாள்: துருப்பிடித்த பிளேடு, காய்ந்த சோப்பு, கறுப்பும் நரையுமாகப் பொடி முடி. “ஒஞ்சித்தப்பங்கிட்டச் சொல்லு, வைக்கோல் பொம்மையெல்லாம் வேண்டாம்னு. அவுக உடம்பு கொஞ்சம் இங்க இருக்கு. இதுக்கு வையி கொள்ளிய.”

அவன் கண்ணாடி முன் நின்றான். நுரையை மேலுதட்டில் பூசினான். ரசம் போன கண்ணாடியில் முகம் அங்கங்கே காணாமல் போயிருந்தது. இருந்த பாகமும் யாருடையதென்று உறுதியாகத் தெரியவில்லை. செட்டைச் சாய்த்துப் பிடித்தான். அமுக்கவில்லை. இடது பாதி போயிற்று, முன்பு போன அதே பாதி.

கை நின்றுவிட்டது. பின்னால் அம்மா இருக்கிறாளா, போய்விட்டாளா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. அடுப்படிப் பக்கம் காதைக் கொடுத்தான். ஒரு சத்தமும் இல்லை.

“நிறுத்தாத” என்றாள் மாரிக்கனி, அவன் தோளுக்குப் பின்னாலிருந்து. “பாதியில நிறுத்தாதய்யா.”